ஏட்டில் உள்ள சாட்சி

(சங்கத்தின் ஆண்டு விழாவில், காப்புரிமையையும் வணிகச் சின்னத்தையும் நூலகத்தில் தேடியறிவது பற்றி நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா என்றால் இசையரங்கும் நாடகமும் இலக்கியச் சொற்பொழிவும் நிகழ்வதே வழக்கம். அவற்றின் நடுவே காப்புரிமை, வணிகச் சின்னம் என்று சட்டத்தைச் சார்ந்த பேச்சு எதற்கு எனத் தங்களுள் சிலர் எண்ணக்கூடும். நம் காலனியை ஒருமுறை சுற்றி வந்தால் காரணம் விளங்கிவிடும். ஒரு வீட்டில் காபிக்கொட்டை வறுத்துப் பொடித்து விற்கின்றனர். அடுத்த தெருவிலிருந்து இட்லி மாவும் பருப்புப் பொடியும் பெயரிட்ட பைகளில் கடைகளுக்குப் போகின்றன. தொழிற்சாலைகளில் பணியாற்றும் நம் பிள்ளைகள் ஓய்ந்த நேரத்தில் ஏதேனும் ஒரு கருவியைப் புதிதாகச் செய்து பார்க்கின்றனர். பெயரிட்டு விற்பவருக்கும், புதிதாக ஒன்றைப் படைப்பவருக்கும் முதலில் எழவேண்டிய வினா ஒன்றுண்டு. இது நமக்கு முன்பே பிறருக்கு உரியதாகிவிட்டதா? மனை வாங்குமுன் வில்லங்கம் பாராத தமிழர் நம்முள் எவரும் இலர். பெயருக்கும் புத்தாக்கத்திற்கும் அவ்வாறு வில்லங்கம் பார்ப்பதற்கு ஏற்ற இடம் பொது நூலகம். அதனைக் குறித்தே இன்று பேச விழைகின்றோம்.

சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். பேடண்ட் என்பதைத் தமிழில் காப்புரிமை என்கின்றோம். புதிதாகக் கண்ட ஒரு பொருளுக்கோ செய்முறைக்கோ அரசு அளிக்கும் தனியுரிமை அது. நம் நாட்டில் விண்ணப்பித்த நாள் தொட்டு 20 ஆண்டுகள் நிற்கும். டிரேட் மார்க் என்பது வணிகச் சின்னம். ஒருவர் சரக்கை மற்றவர் சரக்கினின்றும் பிரித்துக் காட்டும் பெயரோ படமோ அது. 10 ஆண்டுகளுக்குப் பதிவாகும். கட்டணம் செலுத்தி மீண்டும் மீண்டும் புதுப்பித்துக்கொள்ளலாம். கதைக்கும் பாட்டுக்கும் உள்ள பதிப்புரிமை வேறு. இம்மூன்றையும் ஒன்றெனக் கொள்வாரே நம்மிடையே மிகுதி.

காப்புரிமைக்கும் நூலகத்திற்கும் என்ன உறவு? பேடண்ட் என்ற சொல்லின் வேர், 'திறந்த மடல்' எனப் பொருள்படும் இலத்தீன் தொடர். எல்லாரும் படித்தறியுமாறு முத்திரையிட்டும் மூடாமல் விட்ட அரச மடல். இன்றும் அதன் உட்பொருள் மாறவில்லை. 'உன் கண்டுபிடிப்பின் மறையை உலகறியச் சொல். அதற்கு ஈடாகச் சில ஆண்டுகள் உனக்குத் தனியுரிமை தருகிறோம்' என்பதே அரசு செய்யும் உடன்பாடு. உலகம் படிக்க இயலாதாயின் உடன்பாட்டின் பாதி நிறைவேறாது. ஆதலின்தான் இலண்டன் காப்புரிமை அலுவலகம் 1855-இல் பொதுமக்களுக்காக ஒரு நூலகத்தைத் திறந்தது. பென்னெட் உட்கிராப்ட் என்பவர் 1617 முதல் 1852 வரை வழங்கிய காப்புரிமைகளுக்கெல்லாம் அட்டவணை வகுத்து, அச்சிட்ட ஏடுகளை நகர நூலகங்களுக்கு அனுப்பச் செய்தார். அமெரிக்காவும் 1871-இல், அச்சிட்ட காப்புரிமைகளை நூலகங்களுக்கு வழங்கச் சட்டம் செய்தது. நெசவாளியும் கொல்லனும் நூலகம் சென்று, தம் தொழிலில் நேற்று என்ன புதிதாயிற்று என்று கண்டறியலாம் என்பது அன்றைய நோக்கம்.

நம் நாட்டில் இத்துறையின் தொடக்கம் நாம் வாழும் இக்கொல்கத்தா நகரிலேயே நிகழ்ந்தது. 1856-ஆம் ஆண்டின் ஆறாம் சட்டம், புதிது கண்டவருக்கு 14 ஆண்டுத் தனியுரிமை அளித்தது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் ஜார்ஜ் ஆல்பிரட் டிபென்னிங் என்ற பொறியாளர் முதல் விண்ணப்பத்தை அளித்தார். எதற்குத் தெரியுமா? பங்கா இழுக்கும் இயந்திரத்திற்கு! கல்கத்தாப் புழுக்கத்தை அறிந்த எவரும் அவரைக் குறைகூறார். பிரிட்டிஷ் அரசியின் முன் இசைவு பெறாமல் இயற்றப்பட்டது என்ற காரணத்தால் அச்சட்டம் மறு ஆண்டே நீக்கப்பட்டு, 1859-இல் மீண்டும் இயற்றப்பட்டது வேறு கதை. விடுதலைக்குப் பின், சென்னை உயர்நீதிமன்றத்திலும் பின்னர் உச்சநீதிமன்றத்திலும் நீதிபதியாக இருந்த இராசகோபால அய்யங்கார் 1959-இல் அளித்த அறிக்கையே, இன்று நடப்பிலுள்ள 1970-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு அடித்தளம். காப்புரிமை அலுவலகத்தின் தலைமையிடம் இன்றும் இந்நகரில், சால்ட் லேக்கில் உள்ளது. டில்லி, மும்பை, சென்னை ஆகியவை கிளைகள்.

புதியது எது, பழையது எது என்பதை யார் முடிவு செய்வது? இவ்விடத்தில் மஞ்சளின் கதையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

காயத்திற்கு மஞ்சள் பூசுவது நம் வீட்டில் யாரும் கற்றுக்கொடுக்காமலே கற்றது. ஆயினும் 1995 மார்ச்சில், புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் உரிமை வழங்கிவிட்டது. பெற்றது மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையம், எண் 54,01,504. 'எங்கள் பாட்டிக்கே தெரியுமே' என்று நாடெங்கும் குரல் எழுந்தது. ஆனால் அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, பிற நாட்டு மக்கள் ஒன்றை அறிந்திருந்தனர், கையாண்டனர் என்பது மட்டும் கணக்கில் வாராது. அச்சான ஏடு வேண்டும். அச்சட்டம் மாறியது பின்னாளில், 2013-இல் நடப்புக்கு வந்த திருத்தத்தால். அன்று கோடிப் பாட்டிமார் ஒருங்கே கூடிச் சொன்னாலும் அது சாட்சியாகாது. நூலகத்து அலமாரியில் கிடக்கும் ஒற்றைத் தாள் சாட்சியாகும்!

நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் சினந்து அறிக்கை விடுவதோடு நில்லாமல் நூலகத்தை நாடியது. 32 சான்றுகளைத் திரட்டி 1996-இல் மறு ஆய்வு கோரியது. பழைய வடமொழி மருத்துவ நூற்பகுதிகள் அவற்றுள் இருந்தன. நம் கொல்கத்தாவிலிருந்து வெளிவரும் இந்திய மருத்துவச் சங்க இதழில் 1953-இல் வந்த ஒரு கட்டுரையும் இருந்தது. 1997-இல் அமெரிக்க அலுவலகம் அவ்வுரிமையின் கோரிக்கைகளை எல்லாம் தள்ளியது. 1998-இல் முறையான சான்றும் பிறந்தது. 1953-இல் அக்கட்டுரையை அச்சுக்கோத்த தொழிலாளியும், அதைக் கட்டடம் கட்டி எண்ணிட்டு அடுக்கி வைத்த நூலகரும், ஒருநாள் அது கடல் கடந்து சென்று வழக்காடும் என்று கனவிலும் கருதியிரார்.

அதன் விளைவாகவே 2001-இல் மரபு அறிவு மின் நூலகம் தொடங்கப்பெற்றது. ஆயுர்வேத, யுனானி நூல்களோடு தமிழில் உள்ள சித்த மருத்துவ நூல்களும் அதில் இடம்பெற்றன. அவற்றின் மருந்து முறைகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம், ஸ்பானியம் ஆகிய மொழிகளில் பெயர்க்கப்பட்டு, பல நாட்டுக் காப்புரிமை அலுவலகங்கள் பார்த்தறிய வழி செய்யப்பட்டுள்ளது. நம் சட்டமும் மரபு அறிவைக் காப்புரிமைக்கு உரியதன்று என விலக்குகிறது. ஒரு விண்ணப்பம் வெளியிடப்பட்ட பின், உரிமை வழங்கப்படுமுன், எவர் வேண்டுமானாலும் எழுத்து வாயிலாக எதிர்ப்புக் கூறலாம். இந்தியச் சட்டத்தில் வாய்மொழி அறிவும் எதிர்ப்புக்கு ஒரு காரணமாகக் கொள்ளப்பட்டுள்ளது. எனினும் வாய்மொழியை மெய்ப்பிப்பதினும் பக்கத்தைப் புரட்டிக் காட்டுவது எளிது அன்றோ?

இங்கு நமக்கென ஒரு வாய்ப்பு உண்டு. அலிப்பூரில் பெல்வெடேர் மாளிகை வளாகத்தில் உள்ள தேசிய நூலகத்தை நம் பிள்ளைகள் தேர்வுக்குப் படிக்கும் இடமாக மட்டுமே அறிவர். 1953 பிப்ரவரி முதல் நாளில் அவ்விடத்தில் மக்களுக்குத் திறக்கப்பட்ட அந்நூலகத்தில் தமிழுக்கெனத் தனிப் பிரிவு இருக்கின்றது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் நூல் ஒவ்வொன்றிலும் ஒரு படி அங்கு வந்து சேரவேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் பதிப்பாசிரியராக விளங்கிய வையாபுரிப் பிள்ளை அவர்கள் திரட்டிய தமிழ் நூல்களும் சுவடிகளும் அங்கேதான் உள்ளன. தமிழகத்திலிருந்து இவ்வளவு தொலைவில், தமிழ் மருத்துவமும் வேளாண்மையும் கைத்தொழிலும் பற்றிய பழைய அச்சு நூல்களை நாம் கேட்டுப் பெற்றுப் படிக்கலாம். மேனாட்டு ஆய்வாளர் எத்தனை கணிப்பொறியை வைத்துத் தேடினும், அந்நூல்களைப் படிக்கத் தமிழ் தெரியவேண்டும். அத்தகுதி நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு உண்டு, அல்லது இருக்கவேண்டும்.

இனித் தேடும் முறைக்கு வருவோம். நம் இளைஞர் ஒருவர் காபி வடிகட்டும் பாத்திரத்தில் புதுமை ஒன்றைக் கண்டார் என்று வைத்துக்கொள்வோம். டிகாஷன் விரைவாக இறங்குகிறது, மணமும் குறையவில்லை. அவர் கணிப்பொறியின்முன் அமர்ந்து 'காபி பில்டர்' என்று மட்டும் தட்டினால் ஏமாந்துபோவார். காப்புரிமை எழுதுவோர் பொருளை வீட்டுப் பெயரால் அழைப்பதில்லை. 'பருகும் நீர்மம் வடித்தற்குரிய துளைத்தட்டுடைய அமைப்பு' என்பது போல், வாயில் நுழையாத பெயரைச் சூட்டியிருப்பர். ஆகவே பெயரை விட்டுச் செயலைப் பிடிக்கவேண்டும். சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான இரங்கநாதன் அவர்கள், எந்தப் பொருளையும் முகம் முகமாகப் பிரித்துப் பார்க்கக் கற்றுத் தந்தார். எது, எதனால் ஆனது, என்ன செய்கிறது, எங்கே, எப்போது? நூல்களை வகைப்படுத்த அவர் வகுத்த அந்நெறி புத்தாக்கத்தைத் தேடவும் நன்கு பயன்படும். அவ்வினாக்களின் விடைகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு நூலகம் செல்க.

அடுத்து வகுப்பெண். உலகத்துக் காப்புரிமைகளை எல்லாம் ஏ முதல் எச் வரை எட்டுப் பெரும் பிரிவுகளாகப் பகுத்து வைத்துள்ளனர். மக்களின் அன்றாடத் தேவைகள் ஏ பிரிவு. அதனுள் ஏ47ஜே என்பது சமையற் கருவிகள். அதிலும் 31 என்னும் தொகுதி காபி, தேநீர் போன்றவற்றை ஆக்கும் கருவிகள். இட்லிப் பானை போல் ஆவியில் வேகவைக்கும் கலங்களை 27-ஆம் தொகுதியில் காணலாம். மாவரைக்கும் பொறியாயின் பி02சி. எண் கைக்கு வந்துவிட்டால் மொழித் தடை பாதி நீங்கியது; ஜெர்மானியர் செய்ததும் ஜப்பானியர் செய்ததும் ஒரே அலமாரியில் நிற்கும். முன்பு இதற்கெனக் காப்புரிமை அலுவலகம் சென்று கட்டுக் கட்டாகப் புரட்டவேண்டியிருந்தது. இன்று நம் நாட்டு ஏடுகளையும் அயல்நாட்டு ஏடுகளையும் கணிப்பொறி வசதியுள்ள எந்த நூலகத்திலும் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

ஏட்டைப் படிக்கும் வகையிலும் ஒரு நுட்பம் உண்டு. முதற்பக்கத்தில் எண், நாள், பெயர், சுருக்கம், படம் இருக்கும். பலர் படத்தைப் பார்த்து, 'நம்முடையது போல் இல்லை' என்று மகிழ்ந்து எழுந்துவிடுகின்றனர். கூடாது. உரிமைக் கோரிக்கைகள் என்றொரு பகுதி உண்டு. நிலப் பத்திரத்தில் நான்கெல்லை கூறுவது போல, உரிமை எதுவரை செல்கிறது என்பதை அதுவே காட்டும். ஆனால் புதுமையைக் கெடுப்பதற்குக் கோரிக்கைதான் வேண்டும் என்பதில்லை. விளக்கத்தின் ஒரு மூலையில் கூறப்பட்டிருப்பினும் போதும். எந்த நாட்டில் கூறப்பட்டிருப்பினும் போதும்.

நம் இளைஞர் அங்கே தம் புதுமையைப் பிறர் முன்பே கூறியிருக்கக் கண்டால் என்ன செய்வது? வருந்த வேண்டா என்போம். அக்காப்புரிமை காலங்கடந்ததாயின், அல்லது ஆண்டுக் கட்டணம் செலுத்தாமல் அற்றுப்போனதாயின், அது இப்போது பொதுச் சொத்து. இந்தியாவில் உரிமை பெறாத ஒன்றை, இங்கேயே செய்து இங்கேயே விற்க, அயல்நாட்டுக் காப்புரிமை தடையாகாது. செய்முறையைப் படத்தோடு எழுதி வைத்துவிட்டே உரிமையாளர் விலகியிருக்கிறார். சிறுதொழில் நடத்துவோருக்கு இது பெரும் புதையல். நம்மவர் இதனைப் போதிய அளவு பயன்படுத்தக் காணோம்.

தேடலுக்கு எல்லை உண்டு என்பதையும் மறைக்கலாகாது. விண்ணப்பங்கள் பொதுவாக 18 திங்கள் கழித்தே வெளியிடப்படுகின்றன. ஆதலால் அண்மையில் பிறர் அளித்தவை நம் கண்ணுக்குப் புலப்படா. நூலகத் தேடல் காப்புரிமை முகவரின் வேலையை முழுதும் நீக்கிவிடாது. அவருக்குப் பணம் கொடுப்பதா வேண்டாவா என்பதை நாமே தீர்மானிக்க உதவும்.

மற்றொன்று, நம் சங்கத்தையே சார்ந்தது. ஆர்வ மிகுதியால் தம் கண்டுபிடிப்பை விண்ணப்பிக்குமுன் ஆண்டு மலரில் கட்டுரையாக எழுதிவிட்டால், அம்மலரே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும்! சட்டம் தரும் விதிவிலக்குகள் மிகச் சில. முதலில் தற்காலிக விவரக்குறிப்பையேனும் அலுவலகத்தில் அளித்துவிட்டு, 12 திங்களுக்குள் முழு விவரத்தைத் தருக. மலர்க் குழுவினர் அடுத்த ஆண்டு வரை காத்திருப்பர்.

வணிகச் சின்னத்திற்கு வருவோம். இதில்தான் நம் தாய்மார்கள் மிகுதியும் இடர்ப்படுகின்றனர். நாம் அறிந்த குடும்பம் ஒன்று, பருப்புப் பொடிக்கு அழகிய பெயர் சூட்டி, ஆயிரக்கணக்கில் பைகளை அச்சிட்டு, கடைக்காரரின் நம்பிக்கையையும் பெற்ற பின்னர், வேறு மாநிலத்து நிறுவனம் ஒன்றிடமிருந்து வக்கீல் நோட்டீசு வந்தது. எழுத்து வேறு, ஒலி ஏறக்குறைய ஒன்று. பைகளை எரித்தனர், பெயரை மாற்றினர், பழைய பெயரைக் கேட்டு வந்தோர் வெறுங்கையோடு திரும்பினர். முற்பகல் ஒன்றை நூலகத்தில் செலவிட்டிருந்தால் அவ்வம்மையார் இரண்டாண்டு உழைப்பை இழந்திரார்.

சரக்குகளையும் பணிகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்துள்ளனர். காபிப் பொடியும் மசாலையும் 30, நெய் 29, உணவு விடுதி 43, எவர்சில்வர்ப் பாத்திரம் 21. தேங்காயெண்ணெயைச் சமையலுக்கு விற்றால் 29, தலைக்குத் தேய்க்க விற்றால் 3. எண்ணெய் ஒன்றுதான், புட்டியின்மேல் ஒட்டும் சீட்டே வகுப்பை மாற்றுகிறது. நம் வகுப்பை மட்டுமன்றி அதனோடு உறவுடைய வகுப்புகளையும் தேடவேண்டும். குளுக்கோஸ் பொடிக்கு 'குளுக்கோவிட்டா' இருந்தமையால், பிஸ்கோத்துக்கு 'குளுவிட்டா' என்ற பெயரைப் பதிவு செய்ய உச்சநீதிமன்றம் 1959-இல் இசையவில்லை. 'அமிர்ததாரா'வும் 'இலக்குமணதாரா'வும் மயக்கம் தரக்கூடியவை என்று 1962-இல் தீர்ப்பளித்தது. பெயர்களை எழுத்தெழுத்தாகப் பிரித்து ஒப்பிடக்கூடாது. அரைகுறை நினைவோடு கடைக்கு வரும் சாதாரண மனிதர் மயங்குவாரா என்பதே அளவுகோல். பதிவகத்தின் தேடற்பொறியில் ஒலியை வைத்துத் தேடவும் வழி உண்டு. நம் தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் பத்து விதமாக எழுதுகின்றோம், பத்தையும் தேடுக.

அமிர்ததாரா வழக்கில் இன்னொரு பாடமும் இருக்கிறது. எதிர்ப்பாளர் மற்றவர் பெயரைப் பல்லாண்டு அறிந்தும் பேசாதிருந்தமையால், அப்பெயர் உத்தரப்பிரதேச விற்பனைக்கு மட்டும் பதிவு பெற்றது. ஆகவே பெயர் பதிவானவுடன் கவலை தீர்ந்தது என்றில்லை. வணிகச் சின்ன இதழ் வாரந்தோறும் வெளிவருகிறது. அதில் ஒரு சின்னம் வெளியானது முதல் நான்கு திங்களுக்குள் எதிர்ப்புக் கூறவேண்டும். திங்களுக்கு ஒருமுறையேனும் நூலகத்தில் அதனைப் பார்த்துவருவது நலம். தெய்வத்தின் பெயரைச் சூட்டினால் யாரும் கேளார் என்று எண்ணுவோர்க்கும் ஒரு சொல். ஊதுவத்திக்கு 'இராமாயண்' என்ற பெயரை ஒருவர் தனியுரிமையாக்க முயன்றபோது, புனித நூலின் பெயர் எவருக்கும் தனித்து உரியதாகாது என்று 2015-இல் உச்சநீதிமன்றம் கூறியது. வைக்கலாம், பிறரைத் தடுப்பது அரிது. இத்தீர்ப்புத் தொகுதிகளையும் நூலகத்தில் கேட்டுப் படிக்கலாம்.

பதிவு செய்தவருக்கும் முன்பே ஒரு பெயரைத் தொடர்ந்து வழங்கியவருக்கு, 1999-ஆம் ஆண்டுச் சட்டம் காப்பளிக்கிறது. ஆனால் முன்பே வழங்கினோம் என்பதற்கு நாளிட்ட சான்று வேண்டும். ரசீதுகளைக் கரையான் தின்றிருக்கும். பழைய செய்தித்தாளில் வந்த விளம்பரமோ நூலகத்தில் பத்திரமாயிருக்கும். அதுமட்டுமன்று; தங்கள் கையிலுள்ள இம்மலரையே திருப்பிப் பாருங்கள். கட்டுரைகளுக்கு இடையிடையே காபிக் கடையும் துணிக்கடையும் அப்பளக் கம்பெனியும் விளம்பரம் தந்துள்ளன. பலர் அவற்றைப் படியாமலே தள்ளுவர். ஒவ்வொன்றும் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் தாங்கிய சான்றுச் சீட்டு. இருபது ஆண்டு கழித்து நம் காலனிக் கடை ஒன்றின் பெயருக்கு வழக்கு வருமாயின், இம்மலர் நீதிமன்றத்தில் நிற்கக்கூடும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தின் பழைய மலர்கள் பல இப்போது சங்க அறையில் இல்லை. பரணிலும் பெட்டியிலும் வைத்திருப்போர் அவற்றைச் செயலாளரிடம் ஒப்படைக்க வேண்டுகின்றோம். அட்டை கிழிந்திருப்பினும் தாழ்வில்லை. விளம்பரப் பக்கங்களைக் கிழித்துவிடாமல் கொடுங்கள். ஆண்டு வரிசையில் கட்டடம் கட்டி, ஒரு தொகுதியைச் சங்கத்தில் வைத்து, மற்றொன்றைப் பெல்வெடேரில் சேர்ப்பிக்க எண்ணியுள்ளோம். தேடும் முறையை நேரில் கற்க விரும்பும் இளைஞர்களும் தாய்மார்களும் இன்றே பெயர் தந்தால், வாசகர் அட்டை பெறும் வகையைச் சொல்லி, நாமே உடனழைத்துச் செல்வோம்.